ஒரு வரியும் எழுதேல்லை

"என்னக்கா, அட்சயா எழுதத் தொடங்கியிட்டாளோ?"

லிஃப்ட் கதவு மூடும் முன்னமே மக்டலீன் கேட்டுவிட்டாள்.

"எங்கை மக்டலீன்! ஒரு வரியும் எழுதேல்லை." பாலேஸ்வரி நெற்றியில் கை வைத்தாள். "மே மாதம் ஊரிலை சண்டை முடிஞ்ச நாளிலை இருந்து பிள்ளைக்கு ஒண்டிலையும் மனம் ஓடுதில்லை."

"என்ரை மகன் அபிஷனும் அப்பிடித்தானக்கா. ஒரு வரியும் எழுதேல்லை."

இரண்டு பேரும் பெருமூச்சு விட்டார்கள். ஐந்தாம் மாடியில் பாலேஸ்வரி இறங்கினாள். மக்டலீன் ஏழாம் மாடிக்குப் போனாள்.

வீட்டுக்குள் அட்சயா ஏழாவது தடவையாக எழுதிக்கொண்டிருந்தாள்.

புலம்பெயர்ந்து வந்த இந்த நாட்டில் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க மார்க்ஸ் மட்டும் போதாது. நான் யார், ஏன் டொக்டராக வேண்டும் என்று தன்னைப் பற்றி ஒரு கட்டுரையும் எழுத வேண்டும். ஒக்ரோபர் முதலாம் திகதி கடைசி நாள். மே மாதமே தொடங்குங்கள் என்று பல்கலைக்கழகத்தில் சொன்னார்கள். அட்சயாவும் தொடங்கினாள். ரிவியில் ஊர்ச் செய்தி பார்த்து அழுவாள், எழும்பிப் போய் எழுதுவாள்.

"அம்மா, திரும்பவும் அந்த அன்ரிக்குப் பொய் சொன்னீங்களா?"

"மெல்லக் கதை. கண்ணூறு பட்டுடும்."

பாலேஸ்வரி கெட்டவளல்ல. படித்தேன் என்று சொன்னால் படித்தது பலிக்காது என்று நம்புகிறவள், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் சோதனைக்கு முதல் நாள் "புத்தகமே திறக்கேல்லை" என்று அழுதுவிட்டு, எட்டுப் பாடத்திலும் அதிசிறப்புச் சித்தி எடுத்தவள்.

"அன்ரியும் அபிஷன் எழுதேல்லை எண்டுதானே சொல்லுறா?"

"அவளின்ரை கதையை நம்பு! அவன் இப்ப பத்தாவது பிரதி எழுதிக்கொண்டிருப்பான்."

அட்சயா கதிரையைத் திருப்பினாள். "ஓகே, அதை விடுங்கோ. இதை ஆராவது வாசிக்கவேணும் அம்மா. சீரியஸ்லி. விட்பி நகரத்திலை இருக்கிற தியாகலிங்கம் டொக்டர் சனிக்கிழமையிலை பிள்ளையளின்ரை கட்டுரையை வாசிச்சுத் திருத்திக் குடுக்கிறார். ஜூனிலை கேட்டனான். நீங்கள்தான் விடேல்லை."

"அங்கை போனால் ஊருக்கெல்லாம் தெரிஞ்சிடுமெல்லோ?"

"இப்ப கேட்டால் கடைசி நாள் வரைக்கும் இடமில்லையாம்."

மனம் சரியில்லாவிட்டால் பாலேஸ்வரி குசினிக்குள் போய் எதையாவது பொரிப்பாள். அன்றைக்குத் தட்டை வடை. ஒரு பிஸ்கற் ரின் நிறைய மக்டலீன் வீட்டுக்கும் அனுப்பினாள். பொய் சொன்ன வாய்க்கு அது ஒரு சின்னப் பிராயச்சித்தம்.

மூன்றாம் நாள் மக்டலீன் வந்து கதவைத் தட்டினாள். கையில் அதே ரின்.

"வெறும் ரின் திருப்பிக் குடுக்கக் கூடாதெல்லோ அக்கா. திறந்து பாருங்கோ."

பாலேஸ்வரி திறந்தாள். நாலு கடதாசிகள். எண்ணெயில் ஊறிக் காய்ந்து, கவனமாக மடித்து வைக்கப்பட்டிருந்தன. எழுத்துக்கள் நன்றாகவே தெரிந்தன. மேல் மூலையில் அட்சயாவின் பெயர், மே மாதத் திகதி, 'இரண்டாவது பிரதி'.

வடையின் எண்ணெய் இழுக்க ரின்னின் அடியில் பழங்கடதாசி போட்டதே அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. லிஃப்ட் அறுந்து விழுந்தால்கூட இவ்வளவு தூரம் விழமாட்டாள்.

"மக்டலீன்... நான்..."

"விடுங்கோ அக்கா. வடையும் நல்லாயிருந்தது, பிள்ளை எழுதினதும் நல்லாயிருந்தது. வாசிச்சிட்டு நானும் அபிஷனும் அழுதிட்டம். அடியிலை இன்னொண்டு கிடக்கு, பாருங்கோ."

அடியில் ஒரு சின்னத் துண்டு. தியாகலிங்கம் டொக்டர், சனிக்கிழமை, காலை பத்து மணி. அபிஷன் என்ற பெயரை வெட்டி அட்சயா என்று எழுதியிருந்தது.

"டொக்டரிட்டைக் கேட்டுத்தான் மாத்தினது. பிள்ளையைக் கட்டாயம் அனுப்புங்கோ."

பாலேஸ்வரி துண்டை இரண்டாம் தரமும் வாசித்தாள். "அப்ப அபிஷன்? அவனுக்கும் காட்டவேணுமெல்லோ?"

மக்டலீன் அவளை விநோதமாகப் பார்த்தாள்.

"அவனிட்டைக் காட்ட என்னக்கா கிடக்கு? மே மாதத்திலை இருந்து அகதி முகாம் லிஸ்டுகளிலை, காணாமல் போன என்ரை தம்பியின்ரை பேரைத் தேடினதுதான் அவன்ரை வேலை. போன வியாழன்தான் கிடைச்சுது. உயிரோடை இருக்கிறான் அக்கா!" சிரிக்கும்போதே அவள் கண் நிறைந்தது. "நான்தான் ஒவ்வொரு நாளும் லிஃப்டுக்கை சொன்னனானே, அவன் ஒரு வரியும் எழுதேல்லை எண்டு."

பாலேஸ்வரி ரின்னை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள். தம்பியைப் பற்றி ஒருநாள்கூட அவள் கேட்டதில்லை. பிறகு, ஐந்தாம் மாடி முழுக்கக் கேட்கும்படி வீட்டுக்குள் திரும்பிக் கத்தினாள்.

"அட்சயா! மே மாதத்திலை இருந்து எழுதின ஏழு பிரதியையும் எடுத்துக்கொண்டு மேலை ஓடு! எப்பிடித் தொடங்கிறதெண்டு அபிஷனுக்குக் காட்டு!"