வெண்டலுக்குப் பிடித்த பாட்டு

"என் முகத்தை மறைக்க வேணாம்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தியாமே?"

ஆறு வாரம் கழித்து வாயைத் திறந்த மகள் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

டான்யா தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். எதிரே கேமரா இருந்தது. சிறார் காவல் இல்லத்துப் பிள்ளைகளைப் பற்றி வாராவாரம் டிவியில் வருகிற நிகழ்ச்சி. இந்த வாரம் அவள் மகள் பிரியெல்லின் முறை.

"ஆமா, போட்டேன். பதினஞ்சு வயசுல, லைசென்ஸ் இல்லாம, பெத்தவ காரையே திருடிட்டுப் போய் சர்ச் வேலியில மோதினவதானே நீ? நாலு குடும்பம் பார்த்துப் பாடம் கத்துக்கட்டும்."

"போலீஸைக் கூப்பிட்டதும் நீதானாம்."

"பின்னே, மடியில வெச்சுக் கொஞ்சுவேன்னு நினைச்சியா?"

டைரக்டர் டான்யாவைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினார். அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பிரியெல் மறுபடி குனிந்துகொண்டாள். காரை ஏன் எடுத்தாள் என்று போலீஸிடமும் சொல்லவில்லை, வக்கீலிடமும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை நீதிபதி முன்னாலும் இப்படியே இருந்தால், ஒரு வருஷத்துக்கு எங்கேயோ தூரத்து இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

"அம்மாகிட்ட மன்னிப்புக் கேளும்மா," என்று பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தார் டைரக்டர்.

பெண் விருட்டென்று நிமிர்ந்தாள். கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது.

"மன்னிப்பா? நானா? அன்னிக்கு நான் ஏன் காரை எடுத்தேன் தெரியுமா? நீ..."

சட்டென்று அறை முழுக்கப் பாட்டு.

கதவோரம் நின்றிருந்த காவலர் வெண்டல்தான். பீப்பாய் உடம்பு, நரைத்த மீசை. போன வருஷம் ரேடியோவில் ஓயாமல் ஓடிய காதல் பாட்டைச் சுருதியே இல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு பாடினார்.

"கட்!" என்று அலறினார் டைரக்டர். "வெண்டல்! உமக்கு வேற நேரமே கிடைக்கலையா?"

"மன்னிச்சுக்குங்க சார். பழக்கமாயிடுச்சு. வாயை மூடினா மூக்கு வழியா வருது."

"யோவ், நீ மனுஷன்தானா?" டான்யா எழுந்துவிட்டாள். "என் பொண்ணு ஆறு வாரம் கழிச்சு இப்பத்தான் பேசறா. அழுதுட்டிருக்கா. உனக்குப் பாட்டு கேக்குதா?"

"தப்புதாம்மா. உட்காருங்க."

மறுபடி கேமரா ஓடியது. டைரக்டர் குரலைக் குழைத்தார்.

"விட்ட இடத்திலிருந்து சொல்லு கண்ணு. அன்னிக்கு அம்மா...?"

"அம்மா அன்னிக்கு..." அதற்குமேல் முடியாமல் விம்மினாள் பிரியெல்.

அதே பாட்டு. இந்தத் தடவை தாளத்துக்குக் கதவிலும் தட்டினார் வெண்டல்.

டைரக்டர் காதிலிருந்த ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தார். "உம்ம மேலதிகாரிகிட்ட சொல்றேன் பாரும்!"

"சொல்லுங்க சார். இடது பக்கம் கடைசி ரூம். அவங்களுக்கும் என் குரல் பிடிக்காது."

"எல்லாத்தையும் எடுத்து வைங்கப்பா. இது எதுக்கும் உதவாது."

விளக்குகள் அணைந்தன. கேமராவும் மைக்கும் வெளியே போயின. வெண்டல் கதவைச் சாத்தினார். பிறகு சுவரில் ஒட்டியிருந்த விதிமுறைகளைப் புதிதாகப் பார்ப்பவர்போல் வாசிக்க ஆரம்பித்தார். முதுகு மட்டும்தான் தெரிந்தது.

அறை ரொம்ப அமைதியாகிவிட்டது.

"அம்மா," என்றாள் பிரியெல் மெதுவாக. "அன்னிக்கு மத்தியானமே நீ குடிச்சிருந்தே. நிக்கக்கூட முடியல உன்னால. தம்பி கோடியைப் பேஸ்பால் பயிற்சியிலேருந்து கூட்டிட்டு வர்றேன்னு சாவியைத் தேடிட்டிருந்தே."

டான்யா வெண்டலின் முதுகைத் திரும்பிப் பார்த்தாள்.

"எத்தனை தடவை சொன்னேன். கேக்கல. அதான் நான் எடுத்துட்டு ஓடினேன். நானே போய்த் தம்பியைக் கூட்டிட்டு வந்துடலாம்னு நினைச்சேன். எனக்கு வளைவுல திருப்பத் தெரியல."

"இதை ஏன்டி போலீஸ்ல சொல்லல?"

"சொன்னா அவனை உன்கிட்டேயிருந்து தூக்கிட்டுப் போயிடுவாங்களே."

டான்யா மேஜையைப் பிடித்துக்கொண்டாள். கேமரா ஓடியிருந்தால் நாலு குடும்பம் இல்லை, ஊரே இதைப் பார்த்திருக்கும். கோடி படிக்கிற பள்ளிக்கூடமும் பார்த்திருக்கும்.

"செவ்வாய்க்கிழமை நீ வாயைத் திறக்க வேணாம் செல்லம்," என்றாள். "நானே சொல்லிடறேன். குடியை விடறதுக்கு எங்கே போகணுமோ அங்கேயும் போறேன். அதுக்கப்புறம் நீதிபதி என்ன சொன்னாலும் சரி."

பிரியெல் அம்மாவின் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். தொடக்கூடாது என்பது அங்கே விதி. வெண்டல் அந்த விதிக்கு இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது. வாசித்துக்கொண்டே இருந்தார்.

நேரம் முடிந்து மகளை உள்ளே அனுப்பிய பிறகு, டான்யா அவரிடம் வந்தாள்.

"டிவிக்குக் கொடுத்த கையெழுத்தைத் திரும்ப வாங்கணும் சார். எங்கே போகணும்?"

"ஆபீஸ். வலது பக்கம் ரெண்டாவது கதவும்மா."

ரெண்டு அடி நடந்தவள் நின்றாள்.

"கோவத்துல கண்டபடி பேசிட்டேன். அந்தப் பாட்டு உங்களுக்கு அவ்வளவு பிடிக்குமா சார்?"

வெண்டல் முகத்தைச் சுளித்தார்.

"கேட்டாலே தலைவலிம்மா. ஆனா அந்தப் பாட்டோட உரிமைக்காரங்க யாருக்கும் அனுமதி தர்றதில்லை. அது காதுல விழற ஒரு நொடியைக்கூட இவங்களால டிவியில காட்ட முடியாது. அதான், இங்கே எந்தப் பிள்ளை அழ ஆரம்பிச்சாலும் நான் பாட ஆரம்பிச்சிடுவேன்."