இழுத்துப் பாருங்க

ஞானசெல்வி வார்டுக்குள் நுழைந்ததும் கொண்டையை அவிழ்த்துவிட்டு நர்ஸின் முன் தலையைக் குனிந்தாள். "இழுத்துப் பாருங்க சிஸ்டர், நல்லா பலமா!"

இரண்டு வருஷத்துக்கு முன் புற்றுக்கட்டிக்கு மருந்து ஏற்றியபோது, பதினெட்டாம் நாள் முடி கொத்துக்கொத்தாகச் சீப்போடு வந்துவிட்டது. இந்த முறையும் அதே சிவப்பு மருந்துதான். ஆனால் கண்ணுக்குத் தெரியாத கொழுப்புக் குமிழிகளுக்குள் அடைத்து ஏற்றினார்கள். கட்டியைத் தேடிப் போய்த்தான் குமிழி உடையுமாம். இன்று முப்பதாம் நாள், சீப்பு சுத்தமாக இருக்கிறது!

நர்ஸ் சிரித்துக்கொண்டே இழுத்தாள். டீ கொண்டுவந்தவர் கூச்சத்தோடு நுனியைத் தொட்டார். "என்ன அண்ணே, பூவா பறிக்கிறீங்க? இழுங்க!" வார்டே சிரித்தது. அதே வேகத்தில் பக்கத்துக் கட்டிலிலிருந்த மும்தாஜிடமும் போய்க் குனிந்தாள். "நீயும் இழு கண்ணு."

குனிந்த பிறகுதான், மும்தாஜ் மொட்டைத்தலையில் துப்பட்டா சுற்றியிருப்பது உறைத்தது.

மும்தாஜ் கை நிறைய முடியைப் பிடித்தாள். இழுக்கவில்லை. விடவும் இல்லை.

அடுத்த தவணைச் சிவப்பு மருந்தைத் தொங்கவிட்டபடி நர்ஸ் கூப்பிட்டாள். "அக்கா, உங்க கட்டிலுக்கு வாங்க."

"இங்கேயே போடுங்க சிஸ்டர்" என்றாள் ஞானசெல்வி, நிமிராமல்.