நானூறு கிராம்

"அம்பத்தாறு புள்ளி ஆறு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு நோட்டில் எழுதினேன்.

குட்டி தராசிலிருந்து துள்ளி இறங்கினாள். அவள் போட்டியிடுவது 57 கிலோவுக்கு உட்பட்ட பிரிவில். இன்னும் நானூறு கிராம் இடமிருக்கிறது.

ஜூடோ வகுப்பில் எல்லோருடைய எடையையும் வாராவாரம் எழுதுவது என் வேலை. யாரும் கொடுத்த வேலையல்ல. மூன்று வருடத்துக்கு முன் நானாக ஒரு நோட்டைக் கொண்டுவந்தேன். அதோடு அது என் தலையில் விழுந்தது.

குட்டி வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. மருந்துக்கடையில் வேலை. நாள் முழுக்க நின்றுவிட்டு வந்தும் விழுந்தால் சிரிக்கிறாள். நான் விழுந்தால் ஏன் விழுந்தேன் என்று எழுதி வைக்கிறேன்.

இந்த மாதம் அவள் என்னைத் தூக்கிப் போட்டது முப்பத்தொரு தடவை. நான் அவளை ஒன்பது. அதிலும் இரண்டு, அவள் விட்டுக்கொடுத்தவையோ என்று சந்தேகம்.

ஒவ்வொரு போட்டிக்கும் மாஸ்டர் முதலில் என்னிடம்தான் கேட்பார். நான் வீட்டுக்குப் போய், ஒரு பக்கத்தில் 'போகலாம்', எதிர்ப்பக்கத்தில் 'வேண்டாம்' என்று தலைப்பிட்டுக் காரணங்களை அடுக்குவேன். அடுக்கி முடிப்பதற்குள் கடைசித் தேதி போய்விடும்.

இந்த முறை என்னிடம் கேட்கவில்லை. போன வாரம் படிவத்தை நேராகக் குட்டியிடம் நீட்டினார்.

அவள் என் பேனாவை வாங்கித்தான் கையெழுத்துப் போட்டாள். ஒரு நொடியும் யோசிக்கவில்லை. மூடியைக்கூடச் சரியாக மூடாமல் திருப்பித் தந்தாள்.

வயிறு எரிந்தது. அதை நோட்டில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாததால் அன்றைய பக்கம் காலியாக இருக்கிறது.

ஒரு பிரிவுக்கு ஒருவர்தான் போகலாம். படிவத்தின் அடியில் மாற்று ஆளுக்கு ஒரு வரி உண்டு. முதல் ஆள் வராவிட்டாலோ, எடையில் தவறினாலோ மாற்று ஆள் இறங்கலாம். அந்த வரி எப்போதும் காலியாகத்தான் போகும். பெஞ்சைத் தேய்ப்பதற்காக யார் ஞாயிற்றுக்கிழமையை வீணாக்குவார்கள்?

இன்று கடைசி நாள். அந்த வரியில் நான் பெயர் எழுதினேன்.

மாஸ்டர் படிவத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "மூணு வருஷமா கெஞ்சினேன், அசையல. இப்ப இவளுக்குத் துணையா உக்கார வரேங்கிற. பெரிய மனசும்மா உனக்கு."

குட்டி பின்னாலிருந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "அதான் நானூறு கிராம் இருக்கேக்கா, ஏதாவது சாப்பிடட்டுமா? ரெண்டு நாளா அரை வயிறு. கடையில இருமல் மருந்தைப் பாத்தாக்கூட நாக்கு ஊறுது."

மாஸ்டர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

நான் வேலை செய்வது கூரியர் அலுவலகத்தில். அங்குள்ள தராசை வருடா வருடம் ஆள் வந்து சோதித்து முத்திரை வைத்துவிட்டுப் போவார். திங்கட்கிழமை, பெயர் கொடுக்கலாமா என்ற யோசனையில், பார்சல் எதுவும் இல்லாத நேரம் பார்த்து அதில் ஏறி நின்றேன். 55.8. மாலையில் அதே உடையோடு வகுப்புத் தராசில் ஏறினேன். 55.

முதலில் என் மேல்தான் சந்தேகம் வந்தது. செவ்வாய் மறுபடி பார்த்தேன். புதன், இருபது கிலோ பார்சல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு இரண்டிலும் ஏறினேன்.

வகுப்புத் தராசு எண்ணூறு கிராம் குறைத்துக் காட்டுகிறது.

நாளை மறுநாள் போட்டி அரங்கில் இருக்கப்போவது முத்திரை வைத்த தராசு. அதில் குட்டி 57.4.

இது மட்டும் என் நோட்டில் இல்லை.

பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து உரித்தேன்.

"தாராளமா சாப்பிடு" என்று அவளிடம் நீட்டினேன்.