எல்லைத் தளபதியின் சப்பாத்துகள்

மெல்பேர்ன் அருங்காட்சியகமொன்றின் கண்ணாடிப் பேழைக்குள் பழைய சீனத் தளபதி ஒருவரின் சப்பாத்துகள் இருக்கின்றன. கூரைக் கண்ணாடி வழியே இறங்கும் மாலை வெயிலில் அடித்தோலின் ஒட்டுகள் தெரிகின்றன. யோகலிங்கம் குனிந்து, பக்கத்திலுள்ள குறிப்பை மனைவி துஷ்யந்திக்கு வாசித்துச் சொல்கிறார். தளபதி பத்தொன்பது வயதில் படையில் சேர்ந்தவர். வடக்கு எல்லையில் குதிரைப்படைகளோடு மோதி, மேற்கே பாலைவனக் கோட்டைகளைப் பிடித்தவர். தாயைப் பார்க்க மூன்று முறை பேரரசரிடம் விடுப்புக் கேட்டிருக்கிறார். ஒவ்வொரு முறையும் அவரை இன்னோர் எல்லைக்கே அனுப்பியிருக்கிறார்கள்.

"கடைசியா வீட்ட போனவரோ?"

"ஓம். அறுபது வயசிலதான் விட்டவை."

"தாய் அப்ப இருந்தவவோ?"

அவர் குறிப்பை மறுபடி மேலிருந்து கீழே வாசிக்கிறார். "அதை எழுதேல்லை."

யாழ்ப்பாணத்தில், கொடிகாமம் பஸ் தரிப்பில் சேலைத் தலைப்பை வெயிலுக்குத் தலையில் போட்டபடி, பஸ் மறையும்வரை கையசைத்துக்கொண்டு நின்ற அம்மா யோகலிங்கத்தின் கண்ணுக்குள் நிற்கிறார். அது நடந்து பதினான்கு வருடம். துஷ்யந்தி அவர் முழங்கையைப் பிடிக்கிறாள்.

"தையில லீவு கேளுங்கோவன். போவம்."

"தை வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்கேலாது. நாளைக்கே கேக்கிறன்" என்கிறார் யோகலிங்கம். "தரேல்லையெண்டாலும் போறம்."