நூறு பாயிண்ட் புகழேந்தி

"கேட்டுக்கோங்கோ சார், என் புகழேந்தி தனி ஆளா நூறு பாயிண்ட் அடிப்பான்! மத்த நாலு பேரும் கையைக் கட்டிண்டு வேடிக்கை பார்ப்பா. எதிர்ல எவன் வந்தாலும் சரி!"

மயிலாப்பூர் சுப்பராமன் இப்படி அளந்துவிட்டது, தன் மகள் நீரஜாவைப் பெண் கேட்டு வந்திருந்தவர்களிடம். தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் வெள்ளைச்சாமியும் அவர் மகன் ராம்குமாரும் எதிர் சோபாவில் இருந்தார்கள். காதல் விவகாரம். இரண்டு வீட்டுக்கும் துளியும் ஒட்டாத பழக்கவழக்கம். அரை மணி நேரமாகப் பேச விஷயமில்லாமல் மின்விசிறி இறக்கைகளை எண்ணிக்கொண்டிருந்த அப்பாக்கள் இருவரும், கைபேசியில் ஒரே கூடைப்பந்து விளையாட்டை ஆடுகிறவர்கள் என்பது இப்போதுதான் தெரியவந்தது. புகழேந்தி, அந்த விளையாட்டில் சுப்பராமன் அணியின் ஆட்டக்காரன்.

வெள்ளைச்சாமி மீசைக்குள் சிரித்தார். "நானும் ரெண்டு வருசமா ஆடுதேன் சார். அஞ்சு பேருக்கும் பந்தைப் பிரிச்சுக் குடுத்தாத்தான் ஜெயிக்க முடியும். ஒருத்தனையே நம்புனா மூணு பேரு அவன் மேல விழுந்து அமுக்கிருவாங்க. நூறாவது ஒண்ணாவது! சரி, ஒரு ஆட்டம் போட்டுப் பாத்துருவோமா?"

"பேஷா!" என்று தொடையைத் தட்டினார் சுப்பராமன்.

மறுகணம் நீரஜா, "அப்பா, ஒரு நிமிஷம்" என்று அவரைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள்.

"ஜெயிச்சுத் தொலைக்காதே! அவருக்குத் தோத்தாலே ஆகாது. கேரம்ல தன்னை ஜெயிச்சுட்டான்னு சொந்த மச்சினனோட மூணு வருஷம் பேசலையாம். அவரை இங்க வரவழைக்கறதுக்குள்ள ராம் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நீ ஜெயிச்சே, எழுந்து போயிடுவார்ப்பா!"

சுப்பராமன் திரும்பி வந்தபோது, தன் அப்பாவின் காதருகே குனிந்திருந்த ராம்குமார் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தான்.

அந்த விளையாட்டில் ஆட்டக்காரர்களை நாம் ஓட்ட முடியாது. யாருக்கு எத்தனை பந்து, எதிரணியில் யாரை யார் மறிப்பது என்று முன்கூட்டியே தீர்மானித்துவிட்டால், மிச்சத்தை அதுவே ஆடிக் காட்டும்; இடைவேளையில் மட்டும் ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். தோற்பதற்குச் சுலபமான வழி சுப்பராமனுக்குத் தெரியும். போன மாதம் ஆசைப்பட்டு எல்லாப் பந்தையும் புகழேந்திக்கே கொடுத்து, அறுபது பாயிண்ட் வித்தியாசத்தில் மண்ணைக் கவ்வியவர் அவர். இப்போதும் அதையே செய்தார். நூற்றுக்கு நூறு பந்தும் புகழேந்திக்கு.

ஆட்டம் தொடங்கியது. புகழேந்தி போட்டான். மறுபடியும் போட்டான். திரும்பி நின்றும் போட்டான். பாதி ஆட்டத்தில் ஐம்பத்திரண்டு!

சுப்பராமனின் உள்ளங்கை வியர்வையில் ஒரு குடம் நிரப்பியிருக்கலாம். நெஞ்சு அடித்த அடி நான்கு மாட வீதிக்கும் கேட்டிருக்கும். 'தவற விடுடா படுபாவி!' என்று மனசுக்குள் கெஞ்சினார். இடைவேளையில், புகழேந்திக்கு ஓய்வே கிடையாது என்று மாற்றி வைத்தார். களைத்து விழட்டும்.

விழவில்லை. எழுபது. எண்பத்தைந்து.

வெள்ளைச்சாமியின் முகம் இறுகிக்கொண்டே போனது. துண்டை எடுத்துப் பிடரியைத் துடைத்துக்கொண்டார். யாரும் தொடாத காபியில் ஆடை கட்டியிருந்தது. தட்டை எடுக்கும் சாக்கில் நீரஜா குனிந்தாள்.

"என்னப்பா பண்ணிண்டிருக்கே?"

"நான் என்னடி பண்ணுவேன்? அவன் நிறுத்த மாட்டேங்கறானே!"

கடைசி விசில் ஒலித்தது. நூறு, தொண்ணூற்றாறு. அந்த நூறும் புகழேந்தி.

வெள்ளைச்சாமி எழுந்து நின்றார். போச்சு! சுப்பராமனும் பதறி எழுந்தார்.

"சார்... அது வந்து... ஏதோ கோளாறு போலிருக்கு. நியாயமாப் பார்த்தா உங்க டீம்தான்..."

"கோளாறு ஒண்ணும் இல்ல." வெள்ளைச்சாமி கிட்டே வந்து அவர் கையைப் பிடித்தார். அந்தக் கையும் வியர்வையில் நனைந்திருந்தது.

"நீங்க தோத்துட்டீங்கன்னா பொண்ணைக் குடுக்க மாட்டீங்கன்னு எம் மவன் சொன்னான். அதான், உங்க புகழேந்தியை ஒருத்தனும் மறிக்கப்படாதுன்னு என் ஆளுங்க அஞ்சு பேருக்கும் போட்டு வச்சேன். அப்பவும் நூறு அடிப்பான்னு நான் நம்பல, அடிச்சுட்டான், ஒத்துக்கிடுதேன்... இப்பவாவது பொண்ணைக் குடுப்பீங்களா, சம்பந்தி?"