ரெமிஜியசின் முதுகு

"யாரோ இந்த உடம்பைப் புரட்டிப் போட்டிருக்காங்க" என்றார் டாக்டர் வெங்கடகிருஷ்ணன்.

அல்சூரில் அந்தத் தெருவே வாசலில் கூடியிருந்தது. உள்ளே கட்டிலில் மல்லாந்து கிடந்தார் ரெமிஜியஸ், கோயில் சபைத் தலைவர். கையில் ஜெபமாலை.

"எப்படிச் சொல்றீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"செத்தப்புறம் ரத்தம் கீழ்ப்பக்கமா இறங்கி அங்கேயே தங்கிடும். மல்லாந்து செத்தா முதுகு கறுத்திருக்கணும். இவருக்கு முதுகு வெளுப்பு, மார்பெல்லாம் கறுப்பு. குப்புறச் செத்து, அரை நாளாவது அப்படியே கிடந்திருக்கார்."

ஆளில்லாத வீட்டில் நடந்த சாவு என்று போலீஸ் வந்து, பார்த்துக் கையெழுத்துப் போட அக்கம்பக்கத்தில் அஞ்சு பேர் வேண்டுமென்றபோது முந்திக்கொண்டு வந்தவர்கள் பெர்னார்டும் அவர் கூட்டாளிகளும்தான். இப்போது அஞ்சு பேருக்கும் வேர்த்தது.

வேர்க்காதா? தவக்காலத்தில் சீட்டைத் தொட்டால் நரகம் என்று விபூதிப் புதனன்று ஊர்ச் சீட்டுக்கட்டையெல்லாம் வாங்கிக் கொளுத்தியவர் ரெமிஜியஸ். மறுவாரமே பெர்னார்ட் வீட்டுப் பின்கட்டில் அவரும் சேர்ந்து ரகசிய ஆட்டம். நேற்று மத்தியானம் எல்லாரையும் ஜெயித்துவிட்டு, "கொஞ்சம் கண்ணசர்றேன்" என்று பெஞ்சில் குப்புறப் படுத்தார். மற்றவர்கள் பொழுது சாயும்வரை பக்கத்திலேயே ஆடினார்கள். "பாவம், தூங்கட்டும்" என்று விட்டுவிட்டுப் போனார்கள். விடியுமுன் பெர்னார்ட் போய் எழுப்பினால், கட்டையாக விறைத்திருந்தார்.

அவர் மனைவி ஜோசஃபின் அத்திபெலேயில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தாள். அஞ்சு பேருமாகத் தூக்கி வந்து கட்டிலில் கிடத்தி, பெர்னார்ட் தன் ஜெபமாலையை அவர் கையில் சுற்றிவிட்டார்.

"சந்தேகச் சாவு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அறுத்துப் பார்க்கணும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

கூட்டாளிகளில் ஒருவரான நோயல், பெர்னார்டின் விலாவில் இடித்தார். "சொல்லிடுங்கண்ணே."

"சொன்னா அவர் பேரும் போச்சு, நம்ம பேரும் போச்சுடா."

"சொல்லாட்டி அறுப்பாங்களே!"

பெர்னார்ட் கனைத்தார். "டாக்டர்... வந்து... நாங்க..."

"நான்தான் புரட்டினேன்" என்றாள் ஜோசஃபின்.

எல்லாரும் திரும்பினார்கள்.

"காலைல பஸ் இறங்கி வந்தேன், குப்புறக் கிடந்தார். அவர் தூங்குறதே அப்படித்தான். செத்த மனுசன் மேலே பார்த்துக் கிடக்க வேணாமா? நான்தான் திருப்பிப் போட்டேன்."

"இதை முதல்லயே சொல்றதுக்கென்னம்மா?"

"நீங்க அவர் முதுகைத்தானே விசாரிச்சீங்க, என்னை எங்க விசாரிச்சீங்க?"

டாக்டர் இன்னொரு தரம் பார்த்தார். காயமில்லை, கீறலில்லை. மாரடைப்பு என்று எழுதினார். அஞ்சு பேரும் பேனாவைப் பிடுங்கிப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டார்கள்.

போலீஸ் போனதும் ஜோசஃபின் கூப்பிட்டாள். "பெர்னார்ட் அண்ணே."

முந்தானை முடிச்சை அவிழ்த்து, எதையோ எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

இஸ்பேட் ராஜா.

"டாக்டர் வர்றதுக்குள்ள அவர் சட்டைக் கைமடிப்பில இருந்து எடுத்தேன். உங்க கட்டுல ஒண்ணு குறையுமே?"

பெர்னார்ட் சட்டென்று விரல்களை மூடிக்கொண்டார்.

"உங்க ஜெபமாலை அவரோடவே போகட்டும். சீட்டை நீங்க கொண்டுபோங்கண்ணே. இதையும் வச்சு அனுப்பினா, மோட்ச வாசல்ல சாவியோட நிக்கிற இராயப்பர்கிட்டயும் திருட்டு ஆட்டம் ஆடுவார்."