மூடாத சிவப்பு

“பேர் சிவப்பெண்டால் வரவு காணாது. சோதினை எழுதேலாது, பிள்ளை,” என்கிறார் கணினி ஆசிரியர் தனேஸ்வரன்.

“ஒரு நாளும் நான் வராம இருந்ததில்லைங்க சார். ஸ்பிரிங்வெளித் தோட்டத்துலருந்து மொத பஸ்ஸுல வர்றேன்,” என்கிறாள் விஜயலெட்சுமி.

“கொம்பியூட்டருக்குப் பொய் சொல்லத் தெரியாது. உங்கட தோட்டத்து ஆக்களுக்குத்தான் அது தண்ணிபட்ட பாடு.”

கறுப்புத் திரையில் ஓடும் வரவுப் பட்டியலில் மூன்றாம் பெயரிலிருந்து கீழே எல்லாமே சிவப்பு. உண்மையில் வரவு குறைந்தவள் அந்த மூன்றாமவள் மட்டுந்தான்; அவள் பெயருக்கு முன்னால் சிவப்புக்கான குறியைப் போட்ட மனிதர், பின்னால் அதை நிறுத்தும் குறியைப் போடவில்லை. கடைசி வரியில், ஆசிரியர் என்ற இடத்தில், அவருடைய பெயரும் சிவந்துதான் கிடக்கிறது. சட்டைப்பையில் நான்கு நிறப் பேனா, மண்டைக்குள் இவ்வளவுதான் என்று விஜயலெட்சுமி உதட்டைச் சுழிக்கிறாள். பதுளை மழை ஜன்னல் கண்ணாடியில் வழிகிறது. அவர் திரையைப் பார்த்துப் பார்த்துப் பதிவேட்டில் பெயர்களை வெட்டுகிறார். அவள் பெயருக்கு இன்னும் இரண்டு வரிதான்.

“சார், மூணாவது பேருக்குப் பின்னாடி அந்த நிறுத்துற குறியை மட்டும் ஒருக்கா போட்டுப் பாருங்க சார்…”